எவர்சில்வர் கைத்துப்பாக்கியில் கீறல்: வீட்டிலேயே தேய்த்து எடுக்கலாமா?

ஹூஸ்டன்வாசி

வணக்கம். பயன்படுத்தப்பட்ட கோல்ட் கவர்ன்மென்ட் மாடல் 1911 கைத்துப்பாக்கி ஒன்றை மூன்று மாதங்களுக்கு முன் இங்கே டெக்சாஸில் வாங்கினேன். .45 ஏசிபி தோட்டாவுக்கானது; ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்), ஸ்லைடு (அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுடுவதில் ஒரு குறையும் இல்லை, தோற்றத்தில்தான் இரண்டு குறைகள். ஸ்லைடின் இரு பக்கங்களிலும், முந்தைய உரிமையாளர் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் செருகியும் உருவியும் வந்ததால் விழுந்த மெல்லிய கோடுகள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. நகத்தால் தடவினால் தட்டுப்படாதவை. இரண்டாவது குறையை உண்டாக்கியவன் நானே. முதன்முறையாகப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் பூட்டியபோது, இடப்புறத்தில் ஸ்லைடு ஸ்டாப்புக்கு (ஸ்லைடைப் பின்னே நிறுத்திவைக்கும் நெம்புக்கு) கீழே பிறை போல வளைந்த ஒரு கீறல் விழுந்துவிட்டது. இது நகத்துக்கு லேசாகத் தட்டுப்படுகிறது.

கடையில் கொடுக்காமல் இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துத் தேய்த்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. தேய்த்துவிட்டு வருந்துவதைவிட முதலில் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

நிழல்மரம்

அந்தப் பிறைக் கீறலுக்கு இந்த ஊரில் ஒரு பெயரே இருக்கிறது: இடியட் ஸ்கிராட்ச், அதாவது முட்டாள் கீறல். மனம் நோக வேண்டாம். 1911 வகையை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு முறையாவது வாங்கியவர்கள்தாம்.

அது விழும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீறலை எடுத்த அடுத்த வாரமே இன்னொன்றைப் போட்டுவிடுவீர்கள். ஸ்லைடு ஸ்டாப்பின் குறுக்கு ஊசி ஃபிரேமின் துளைக்குள்ளும் குழலின் அடியில் தொங்கும் லிங்க் என்ற சிறு இணைப்புத் துண்டின் துளைக்குள்ளும் போக வேண்டும். ஊசி உள்ளே போன பிறகு, கைவிரல் வைக்கும் பின்பகுதி ஒரு பிளஞ்சரை (ஸ்பிரிங் முன்தள்ளும் சிறு முளையை) தள்ளிக்கொண்டு தன் இடத்தில் அமர வேண்டும். அந்தப் பிளஞ்சர் எளிதில் வழிவிடாது. ஆகவே நாம் பின்பகுதியைக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்திச் சுழற்றுகிறோம். அதன் உட்புற மூலை ஃபிரேமின் மீது உரசிக்கொண்டே வில்போல ஏறுகிறது. துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊசி ஏறக்குறைய முழுவதும் உள்ளே போன நிலையில், சிறிய தட்டையான பொருள் ஒன்றால் பிளஞ்சரைப் பின்னே அழுத்திவிட்டு நேராக உள்ளே தள்ளினால் உரசலே இராது. பூட்டுவதற்கு முன் அந்த இடத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது இன்னும் பத்திரம்.

கீறலை எடுப்பது பற்றி என் கருத்து வேறு. அது உழைக்கும் கருவி. என்னுடையதில் அந்தப் பிறை இன்னும் இருக்கிறது, நானும் அதைத் தொடவில்லை.

பட்டறைக்காரன்

நிழல்மரம் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் கேள்வி அதுவல்லவே. எடுக்க முடியும். நான் சிறு வயதில் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பட்டறையில் வளர்ந்தவன். இங்கே வந்த பிறகும் உலோகத்துக்கு மெருகேற்றும் வேலைதான். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் துப்பாக்கியை ஜன்னலோரம் எடுத்துச் சென்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். ஸ்லைடின் தட்டைப் பக்கங்களிலும் ஃபிரேமின் தட்டைப் பக்கங்களிலும் முன்னிருந்து பின்னாக ஓடும் நுண்ணிய கோடுகள் தெரியும். மரத்தில் ரேகை ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலேயே உராய்வுப் பட்டையால் ஒரே திசையில் தேய்த்து உண்டாக்கியவை அவை. ஆக, உங்கள் துப்பாக்கியின் பக்கம் முழுவதுமே ஆயிரக்கணக்கான கீறல்களால் ஆனது. அவை எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருப்பதால் நம் கண்ணுக்கு அது மெருகாகத் தெரிகிறது. உறையால் விழுந்த கோடு சற்றுச் சாய்ந்து ஓடுகிறது, பிறைக் கீறல் குறுக்கே வளைகிறது, அதனால்தான் அவை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உலோகத்தை மிக மெல்லியதாக வழித்து, பழைய ரேகையை அதே திசையில் மறுபடி வரைந்துவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது ஸ்லைடின் வளைந்த மேற்புறத்தையும் ட்ரிகர் கார்டையும் (விசையைச் சுற்றியுள்ள வளையத்தையும்) பாருங்கள். அங்கே ரேகை இருக்காது. மங்கலான, திசையற்ற சாம்பல் நிறம் இருக்கும். அது கண்ணாடி மணிகளை வீசி அடித்து உண்டாக்கியது. அந்த இடங்களில் நார் படவே கூடாது. ஒரே ஒரு இழுப்பு போதும், பளபளவென்று ஒரு தழும்பு விழுந்துவிடும்; பிறகு அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப மணி அடிக்காமல் அது போகாது.

தேவையான பொருள்கள் குறைவு. ஸ்காட்ச் பிரைட் நாரில் சாம்பல் நிறமும் (7448) அரக்கு நிறமும் (7447) ஒவ்வொன்று வாங்குங்கள், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்போருக்கான கடைகளில் கிடைக்கும். சாம்பல் நிறம் மென்மையானது, அரக்கு அதைவிடக் கரடு. சமையலறைப் பச்சை நார் வேண்டாம். அது ஒரு கீறலை எடுக்கப் போய் நூறு கீறல் போடும். கம்பி நாரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். சாதாரண இரும்புக் கம்பியின் துகள்கள் ஸ்டெயின்லெஸ் பரப்பில் புதைந்து, சில நாட்களில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். பார்ப்பவர் துப்பாக்கியே துருப்பிடித்துவிட்டது என்று நினைப்பார்.

செய்முறை இதுதான். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் விரலாலும் தடவி உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு முழுவதுமாகப் பிரித்து, ஸ்லைடையும் ஃபிரேமையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிரிப் பலகைகளையும் கழற்றிவிடுங்கள். ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். எழுத்துகள் பொறித்த இடங்கள், மணி அடித்த இடங்கள், விளிம்புகள் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். நாரை வெறும் விரலால் அழுத்திப் பிடித்தால் விரலின் வளைவு பரப்பில் பள்ளமாகப் பதியும், விளிம்பும் மழுங்கும். ஆகவே தட்டையான சிறு மரத்துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் சாம்பல் நார். ஸ்லைடின் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடியும் நீண்ட நேர் இழுப்பு. முடிந்ததும் தூக்கி, மறுபடி அதே முனையிலிருந்து. முன்னும் பின்னுமாகத் தேய்ப்பதும் வட்டமாகத் தேய்ப்பதும் கூடவே கூடாது. கீறல் ஒரு அங்குலம்தானே என்று அந்த ஒரு அங்குலத்தை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு திட்டு விழும். பத்து இழுப்புக்கு ஒரு முறை துடைத்து, ஜன்னலோரம் போய்ப் பாருங்கள். சாம்பல் நாருக்கு அசையாவிட்டால் அரக்கு. உறையால் விழுந்த கோடுகளில் பெரும்பாலானவை இதற்குள் மறைந்துவிடும்.

பிறைக் கீறல் நகத்துக்குத் தட்டுப்படுகிறது என்கிறீர்கள். லேசாகத் தட்டுப்பட்டால், 400 எண் நீர் உப்புத்தாளில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கட்டையில் சுற்றி, அதே திசையில், அந்தத் தட்டைப் பகுதி முழு நீளத்துக்கும் சில இழுப்புகள். பிறகு அரக்கு நாரால் ரேகையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நகம் சிக்கி நிற்கும் ஆழமாக இருந்தால் அதைத் துரத்தாதீர்கள். அந்த ஆழம் வரை சுற்றிலும் வழித்தால் தட்டைப் பரப்பு தட்டையாக இருக்காது, கீறலைவிட அந்தக் குழிதான் கண்ணை உறுத்தும்.

கரிசல்காட்டான்

பட்டறைக்காரர் ஐயா கையால்தான் தேய்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை, நான் பட்டதால் சொல்கிறேன். என்னிடம் ஸ்மித் அண்ட் வெஸன் 686 ரிவால்வர் ஒன்று இருக்கிறது, அதுவும் கோடு ஓடும் மங்கல் மெருகுதான். பக்கத்தகட்டில் (உள்ளிருக்கும் இயந்திரத்தை மூடும் தகட்டில்) ஒரு சிறு கீறல். வேகமாக முடித்துவிடலாம் என்று கையடக்கச் சுழல் கருவியில் துணிச் சக்கரத்தை மாட்டி, மெருகுப் பசை தடவி ஓட்டினேன். பதினைந்து வினாடி இருக்கும். கீறல் போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு காசு அளவுக்குக் கண்ணாடி போன்ற வட்டம் வந்துவிட்டது. அதை மறைக்க அக்கம்பக்கத்தையும் பளபளப்பாக்கினேன். பக்கத்தகடு ஃபிரேமோடு சேரும் விளிம்பு, முன்பு கோடு தெரியாமல் பொருந்தியிருந்தது, இப்போது உருண்டு ஒரு வாய்க்கால் போலத் தெரிகிறது. மெருகைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. உருண்ட விளிம்பு திரும்பவே இல்லை.

பட்டறைக்காரன்

பக்கத்தகட்டைக் கழற்றாமல், ஃபிரேமோடு சேர்த்தே ஒரே பரப்பாகத் தேய்த்திருந்தால் அந்த விளிம்பு தப்பியிருக்கும். சுழல் கருவி பட்டறையில் எங்களுக்கே பயம் தரும் பொருள், அதைத் துப்பாக்கிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெருகுப் பசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளிட்ஸ், மதர்ஸ் போன்ற பசைகள் பளபளப்பைக் கூட்டுபவை. கண்ணாடி மெருகு உள்ள துப்பாக்கிக்கு அவை சரி. கோடு ஓடும் மெருகில் தடவினால் ரேகையின் மேடுகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் எண்ணெய் வழிந்ததுபோல மின்னும்.

ஹூஸ்டன்வாசி

மிக்க நன்றி ஐயா. தொடங்குமுன் ஒரு சந்தேகம், சற்றுச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் பாத்திரம் வாங்கும்போது அம்மா எப்போதும் காந்தம் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் அது நல்ல எவர்சில்வர் இல்லை என்பார். நேற்று அதே ஞாபகத்தில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துத் துப்பாக்கியில் வைத்தேன், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் இது ஸ்டெயின்லெஸ் இல்லையா? மேலே நிக்கல் முலாம் பூசிய சாதாரண இரும்பா?

பட்டறைக்காரன்

சிறுபிள்ளைத்தனம் இல்லை, தேய்ப்பதற்கு முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. அம்மா சொன்னது பாத்திரத்துக்குச் சரி. பாத்திரத்தில் வரும் 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் சேர்ந்ததால் அதன் உள்கட்டமைப்பு மாறிக் காந்தம் ஒட்டாது, ஆனால் அதைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கவும் முடியாது. ஸ்லைடும் ஃபிரேமும் அடி தாங்க வேண்டியவை. ஆகவே அவற்றைப் பெரும்பாலும் 416 போன்ற வகைகளில் செய்கிறார்கள்: குரோமியம் 12 முதல் 14 சதவீதம், நிக்கல் ஏறக்குறைய இல்லை, சூடாக்கிக் கடினமாக்கலாம், காந்தம் நன்றாக ஒட்டும். கடைசலில் எளிதாக வெட்டுப்படுவதற்காக அதில் கந்தகமும் சேர்ப்பார்கள். அதன் விலையாகத் துரு எதிர்ப்பு உங்கள் வீட்டுச் சாம்பார் சட்டியைவிடக் குறைவு. ஈரக்காற்றும் வியர்வையும் உள்ள ஹூஸ்டனில் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பி எண்ணெய் போடாமல் விட்டால் புள்ளி விழும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் சுமார் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்த எஃகை வார்த்தபோது, அவர் தேடிக்கொண்டிருந்தது சமையலறைப் பொருளை அல்ல. துப்பாக்கிக் குழலின் உட்புறம் அரித்துப்போகாமல் இருக்க ஒரு எஃகைத்தான். அது முதலில் போனதோ சாப்பாட்டு மேசைக் கத்திக்கு. ஸ்மித் அண்ட் வெஸன் 1965இல் மாடல் 60 என்று ஸ்டெயின்லெஸ் ரிவால்வரைக் கொண்டுவரும்வரை கைத்துப்பாக்கிக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

காந்தச் சோதனைக்கு வேறொரு பயன் இருக்கிறது. ஸ்லைடில் ஒட்டி ஃபிரேமில் ஒட்டவில்லை என்றால், ஃபிரேம் அலுமினியம். வெள்ளியாகத் தெரிவது அனோடைஸ் படலமோ (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் உண்டாக்கிய ஆக்சைடு அடுக்கோ) பூச்சோதான். அதில் நார் வைத்தால் படலம் கிழியும், திரும்பக் கொண்டுவர முடியாது. உங்களுடையதில் இரண்டிலும் ஒட்டுகிறது, எனவே அந்தப் பயம் இல்லை. நிக்கல் முலாம் என்றால் நிறத்தில் லேசான மஞ்சள் சாயல் தெரியும், தேய்ந்த விளிம்புகளில் அடியிலுள்ள இரும்பு கருத்துத் தெரியும். ரேகை ஓடும் மங்கல் மெருகும், ஸ்டெயின்லெஸ் மாடல் என்ற விற்பனைச் சீட்டும் இருந்தால் கவலை வேண்டாம்.

மணல்மேடு

என் நிலைமை வேறு. என்னுடைய 1911இல் தட்டைப் பக்கங்கள் உட்பட முழுவதுமே மணி அடித்த மங்கல் மெருகு. இந்த இழையைப் படிப்பதற்கு ஒரு மாதம் முன்பே சாம்பல் நாரால் ஸ்லைடில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டேன். ஐயா சொன்ன அதே தழும்பு. இப்போது என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன்

இரண்டு வழிகள். ஒன்று, அந்தத் தட்டைப் பக்கத்தை முழுவதுமாக, இரு பக்கமும், ரேகை மெருகாகவே மாற்றிவிடுவது. மேலே வளைவில் மங்கல், பக்கத்தில் ரேகை என்று பல துப்பாக்கிகள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் எழுத்துகள் பொறித்த இடத்தைச் சுற்றி ஒரே சீராகத் தேய்ப்பது முதல்முறை செய்பவருக்குக் கடினம். மற்றது, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மறுபடி மணி அடிப்பது. அவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: சாதாரண இரும்புக்குப் பயன்படுத்திய மணியையே இதற்கும் பயன்படுத்துவாரா? ஆமாம் என்றால் வேறு கடை பாருங்கள். கம்பி நாருக்குச் சொன்ன அதே இரும்புத் துகள் கதைதான்.

சட்டம்படித்தவன்

பேச்சு வேலைப்பாட்டிலேயே போகிறது, ஒரு முக்கியமான விஷயத்தை இடையில் சொல்லியாக வேண்டும். சீரியல் எண் இருக்கும் பக்கம் கீறலே விழுந்திருந்தாலும் அந்த எண்ணின் மீதோ மிக அருகிலோ தேய்க்காதீர்கள். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் தலைப்பு 18, பிரிவு 922(கே) எண் நீக்கப்பட்ட, சிதைக்கப்பட்ட, மாற்றப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அழகுக்காகத் தேய்த்தேன் என்று விளக்கம் சொல்லும் நிலைக்கே போகக் கூடாது. இந்தியாவில் உரிமம் பெற்று வைத்திருக்கும் உறவினர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது.

மணல்மேடு நண்பருக்கு இன்னொன்று. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் துப்பாக்கியை இரவு தன்னிடம் வைத்துக்கொண்டால் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அதைக் கண்டு மிரள வேண்டாம், அது அவருடைய கடமை. வேலை முடிந்து உங்களிடமே திருப்பித் தருவதற்குப் புதிதாகப் பின்னணிச் சோதனை தேவைப்படாது.

ஹூஸ்டன்வாசி

என் சீரியல் எண் வலப்புறம் ஃபிரேமில் இருக்கிறது, பிறைக் கீறல் இடப்புறம். இருந்தாலும் எண்ணின் மேல் மூன்று அடுக்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

பட்டறைக்காரன்

நல்லது. நாரை எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஒரு வேலை நன்றாக வந்தால் கை அடுத்த இடத்தைத் தேடும். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், தோட்டா ஏறும் சரிவு, குழலின் அறை, சுத்தியலும் அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் கவ்வும் முனைகள், இவை எதுவும் அழகுக்கான இடங்கள் அல்ல. அங்கே அளவு மாறினால் துப்பாக்கி சரியாக இயங்காது, சில இடங்களில் அது ஆபத்து. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தட்டைப் பரப்பு மட்டும்தான் உங்களுக்கு உரியது.

ஹூஸ்டன்வாசி

சனிக்கிழமை காலை செய்து முடித்தேன். விவரமாக எழுதுகிறேன்.

ஸ்லைடின் கோடுகளுக்குச் சாம்பல் நார் மட்டுமே போதுமானதாக இருந்தது; இடப்புறம் சுமார் முப்பது இழுப்பு, வலப்புறம் அதைவிடக் குறைவு. தொடக்கத்தில் என் இழுப்புகள் நேராகப் போகவில்லை, முடிவில் மணிக்கட்டு தானாக மேல்நோக்கி வளைந்தது, ரேகையும் வாலில் வளைந்துவிட்டது. ஸ்லைடை ஒரு துணியின் மீது படுக்கவைத்து, அதன் பக்கத்தில் ஒரு மர அளவுகோலை வைத்து, கட்டையை அதில் ஒட்டியபடி இழுத்த பிறகுதான் நேரானது. வளைந்த வாலும் அதிலேயே மறைந்தது.

பிறைக் கீறலுக்கு உப்புத்தாளை எடுக்கும் முன் மனம் கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஃபிரேமின் அந்தத் தட்டைப் பகுதி நான் நினைத்ததைவிடச் சிறியது, இழுப்பும் அதனால் குட்டையாகவே அமைந்தது. 400 தாளில் பன்னிரண்டு இழுப்பு, பிறகு அரக்கு நார், பிறகு சாம்பல். பிறையின் மேல்பாதி முழுவதும் போய்விட்டது. கீழ்முனையில் மட்டும், ஆரம்பத்தில் மூலை முதலில் பட்ட இடத்தில், ஒரு புள்ளி மாதிரி நிற்கிறது. நகத்துக்குத் தட்டுப்படவில்லை, சாய்ந்த வெயிலில் தெரிகிறது, குழல்விளக்கில் தெரியவில்லை. இன்னும் ஐந்து இழுப்பு போட்டால் போய்விடும் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய இடத்தில் நிறுத்திவிட்டேன்.

துகள்களைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசினேன். பூட்டும்போது டேப் ஒட்டி, பிளஞ்சரை ஒரு பிளாஸ்டிக் அட்டையின் மூலையால் அழுத்தினேன், உரசவில்லை. ஒரே ஒரு கேள்வி: தேய்த்த பிறகு அமிலத்தில் தோய்த்துப் பாதுகாப்புப் படலம் உண்டாக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வேண்டுமா?

பட்டறைக்காரன்

வேண்டாம். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அந்தப் படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தொழிற்சாலையில் அமிலத்தில் தோய்ப்பது முக்கியமாக வெட்டும் கருவிகளிலிருந்து ஒட்டிய இரும்பை நீக்குவதற்காக, நீங்கள் இரும்பைத் தொடவே விடவில்லை. மேலும் கந்தகம் கலந்த 416ஐ வீட்டில் அமிலத்தில் போட்டால் பரப்பு கருத்துப்போகவும் கூடும். டேப்பின் பசை எழுத்துகளுக்குள் தங்கியிருந்தால் மட்டும் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கியால் எடுத்துவிட்டு மறுபடி எண்ணெய் துடையுங்கள்.

நிழல்மரம்

படம் போடுங்கள், என் பிறையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நானும் தொடுவேன் என்று சொல்லவில்லை.

கரிசல்காட்டான்

முந்தையவர் தந்த அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே மறுபடி செருகிவிடாதீர்கள் நண்பரே. கோடுகளைப் போட்டது பிளாஸ்டிக் அல்ல, அதன் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மணல்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் உறையைக் கழுவி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் இன்னொரு முறை கழுவுங்கள்.